கதிரைக்குள் ஒளித்து வைத்த சென்சர்

போன ஞாயிறு, புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குத் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். நானோ, கதிரையில் ஆள் இருந்ததும் ஃபான் தானாகச் சுற்ற வேண்டும் என்று வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்பா இல்லாத வீட்டில் பெரிய மனிதர் நான்தான். கொடுமை!

எலக்ட்ரோனிக்ஸ் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். யூடியூப்தான் வாத்தியார். பிரஷர் சென்சர் என்று ஒரு சாமான் இருக்கிறது... சின்னத் தகடு. அழுத்தினால் சிக்னல் வரும், விட்டால் நிற்கும். அதைக் கதிரைக் குஷனின் பின்பக்கத்துக்குக் கீழே வைத்தேன். நானே சாய்ந்து இருந்து பார்த்தேன். ஃபான் சுற்றியது. ஆகா, விஞ்ஞானி!

"அண்ணா, இண்டைக்கு மட்டும் உந்த வயரைக் கழட்டி வையுங்கோ," என்று தங்கச்சி கெஞ்சினாள். முதல் வந்த சம்பந்தம் குழம்பிப்போன கவலை அவளுக்கு. இந்த மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்தே பிடித்தும் போயிருந்தது. நான் கேட்டேனா?

மாப்பிள்ளையின் தாயார் அந்தக் கதிரையில்தான் வந்து இருந்தார். எப்படி? நுனியில்! சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடியுமுன் நம்மவர் யார் சாய்ந்து இருந்திருக்கிறார்கள்? எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். மூளையில்தான் சிக்னல் வரவில்லை.

ஃபான் அசையவில்லை. வெக்கையோ வெக்கை. சேலையைச் சரிசெய்யப் பின்னுக்கு நகர்ந்தார் — சுற்றியது. தேத்தண்ணி வாங்க முன்னுக்கு வந்தார் — நின்றது. திரும்பவும் சுற்றி, திரும்பவும் நின்றபோது அவருடைய முகம் மாறிவிட்டது.

"தம்பி, நாங்கள் கெதியா எழும்பிப் போகவேணும் எண்டு உள்ளுக்கிருந்து ஆரும் ஃபானை நிப்பாட்டினமோ?"

கேட்டதோடு எழும்பியும் விட்டார். மாப்பிள்ளையும் எழும்பினார். அறைக்குள் தங்கச்சி விசும்புவது கேட்டது.

"ஐயோ அன்ரி, அப்பிடியில்லை! நான்தான்... நான் ஒரு விசரன்!"

குஷனைத் தூக்கி வயரையெல்லாம் இழுத்துக் காட்டினேன். தகட்டை விரலால் அழுத்தினேன், ஃபான் சுற்றியது. விட்டேன்; நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். ஃபானைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை! குஷனைத் திரும்பப் போடச் சொன்னார். நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"சீதனம் கீதனம் ஒண்டும் வேண்டாம் தம்பி. ஆனா கலியாணத்தண்டைக்கு மணவறைக் கதிரையளுக்குக் கிட்டவும் நீங்கள் வரப்படாது!"

நான் வாய் திறக்குமுன் அறைக்குள்ளிருந்து பதில் பறந்து வந்தது:

"ஓம் மாமி!"