உள்ளபடி போட்ட மணிக்கூர்

கட்டடம் எழும்பும் முன்பே அதைத் தூண், குழாய், வயர் எல்லாம் சேர்த்துக் கணினிக்குள் கட்டிப் பார்ப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். அதற்கு எத்தனை மணி நேர உழைப்பு பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. மேனேஜர் வெட்டுவார் என்று தெரிந்தே நான் கூட்டிப் போடுவேன். நான் கூட்டியிருப்பேன் என்று தெரிந்தே அவர் வெட்டுவார். கடைசியில் நிற்பது ஏறக்குறைய சரியாக இருக்கும். யாரும் வாய்விட்டுப் பேசாத ஏற்பாடு அது.

அந்த மேனேஜர் போய், நாகர்கோவில்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

"உள்ளதை மட்டும் போடுங்க மேடம். நான் ஒரு மணிக்கூர்கூட குறைக்க மாட்டேன்" என்றார். மணி நேரம் அவர் ஊர்ப் பேச்சில் மணிக்கூர்.

ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு உள்ளதை உள்ளபடி போட்டேன். கூரையை ஒட்டி ஓடும் தண்ணீர்க் குழாயும் ஏசி டக்ட்டும் முட்டிக்கொள்ளும் இடங்களைப் பிரித்து வைப்பதுதான் அதில் பெரிய வேலை. அதைச் செய்யவேண்டியவள் பக்கத்து ஆரியசாலையிலிருந்து வரும், மலையாளம் கலந்து பேசும் பெண். பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். சாயங்காலம் காப்பகம் பூட்டும் முன் போய்க் கைக்குழந்தையை எடுக்கவேண்டும். அதையும் நினைத்துத்தான் போட்டேன்.

மேனேஜர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் வெட்டாமல் வந்த கணக்கைப் பார்த்த கம்பெனி முதலாளி, புது ஆள் மறந்துவிட்டார் என்று நினைத்து, வழக்கமான வெட்டைத் தானே வெட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேனேஜர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளி வெட்டிய நேரமெல்லாம் அவள் தலையில் விழுந்தது. தினமும் இருட்டிய பிறகே கிளம்பினாள். காப்பகத்து ஆயா குழந்தையைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"நேத்து ஆயா கையிலேர்ந்து என்கிட்ட வரமாட்டேன்னு குட்டி ஒரே அழுகை, அக்கா. சாரமில்லை, பரவாயில்லை, சரியாயிடும் அல்லே? இந்த வேலை இன்னும் எத்தனை நாள் இருக்கும்? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

எத்தனை நாள் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"கொஞ்ச நாள்தான்" என்றேன். நானும் வெட்டித்தான் சொன்னேன்.