அளவு மாறாத பாவாடை

எங்கள் வீட்டுக் கன்னிக்கு வருஷா வருஷம் ஒரே அளவில்தான் பாவாடை சட்டை எடுப்பார்கள். தெய்வத்துக்கு வயது ஏறுமா என்ன? கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண்பிள்ளையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளறை உத்தரத்தில் ஓர் ஓலைப்பெட்டி கயிற்றில் தொங்கும். அதற்குள் பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, சாந்துப்பொட்டு எல்லாம் இருக்கும். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பெட்டியை இறக்கி, புது உடுப்பை வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைத்துவிட்டு மறுபடி ஏற்றிக் கட்டிவிடுவார்கள். பழைய உடுப்பு அக்கம்பக்கத்துப் பிள்ளை யாருக்காவது போகும். எனக்கு மட்டும் ஒருநாளும் வராது. பிள்ளையார், முருகன் மாதிரி கன்னியும் ஒரு சாமி, கொஞ்சம் உடுப்புப் பைத்தியம் பிடித்த சாமி, அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குப் பக்தியைவிடப் பொறாமைதான் அதிகம்.

எனக்கு ஒன்பது வயது நடந்த அந்தத் தையில் அம்மா என்னையும் அம்பாசமுத்திரத்து ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனாள். அளவு சொல்ல அம்மா எப்போதும் கையைத் தரையிலிருந்து உயர்த்திக் காட்டுவாள். கடைக்கார அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

“இந்தா நிக்காள்லா அளவு! பிறகு எதுக்குத் தாயி கையைக் காட்டுதிய?”

பாவாடையை விரித்து என் இடுப்பில் வைத்தார். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை, எனக்கென்றே தைத்ததுபோல இருந்தது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கினாள். அன்று அவள் பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டாள். அடுத்த தை வரைக்கும் நான் ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆற்றங்கரை ஊரில் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? குளியலறையில் கொஞ்சம் நேரமானாலும் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் பதில் சொல்லும்வரை தட்டுவதை நிறுத்தமாட்டாள். எனக்கு ஏதோ பெரிய சீக்கு வந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மாசியில் மாமா வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. சென்னையில் புகைப்படம் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தார். அது அம்மா பிறந்த வீடு. தாத்தா, ஆச்சி காலத்துக்குப் பிறகு, அப்பாவும் வளைகுடாவுக்குப் போய்விட்டதால், அந்த வீட்டில் அம்மாவும் நானும் ஐந்து வயதுத் தம்பியும்தான் இருந்தோம். மாமா கடைசி வருஷத்துக்கு பேஷன் படங்கள் எடுத்துக் காட்ட வேண்டுமாம். சும்மா உடுப்பைக் காட்டினால் போதாதாம், படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கதை ஓட வேண்டுமாம். பிள்ளைகளை வைத்து எடுக்கப்போவதாகச் சொன்னார். “கல்யாண வீட்டுல போட்டோ பிடிக்கதுக்கு மூணு வருசம் படிக்கணுமாவே?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு மாமா சிரித்து மழுப்பிவிட்டார்.

முதல்நாள் வாழைத்தோப்பில் எடுத்தார். அவரோடு படிக்கிற யாரோ தைத்துக் கொடுத்த வலைத்துணிக் கவுனில் நான் கொசுவலைக்குள் மாட்டிய கோழி மாதிரி இருந்தேன். தம்பிக்குக் கோட்டு. மாமா கேமராவின் சின்னத் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “படம் இருக்கு, கதையைக் காணோம்” என்றார்.

மறுநாள் அம்மா பேட்டையில் இருக்கிற தன் அக்காவை, என் பெரியம்மையை, பார்த்துவர பஸ் ஏறினாள். ஏறும்போதுகூட மாமாவிடம், “பிள்ளைய ஆத்துப் பக்கம் விட்டுராதலே” என்றுதான் சொன்னாள். மாமா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து குளித்தார். ஈர வேட்டியோடு உள்ளறைக்குப் போய்க் கன்னிப்பெட்டியை இறக்கினார்.

நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். “மாமா, சாமிக் குத்தம் ஆயிராதா?”

“ஆவாது. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றார். பக்கத்துவீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல ஒரு சாமியைப் பற்றி யாரும் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

கடையிலிருந்து வந்து மாதம்கூட முழுசாக ஆகாத பாவாடை அது. ஆனாலும் பாசி பிடித்த கல்லின் வாசம் அடித்தது. சாதாரணமாக எனக்கு வளையல் போட சோப்பு வேண்டும். அந்தப் பழைய வளையல்கள் தாமாகவே ஏறிக்கொண்டன. ரிப்பன் வைத்துப் பின்னிவிட்டதும் மாமா என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில் படித்துறைக்குப் போனோம். அம்மா போட்ட சட்டம் நினைவிருந்தது. ஆனால் உடுத்தியிருந்தது பட்டு, கூட்டிப்போவது மாமா, எனக்கு இனி என்ன பயம்? கதை சின்னதுதான். தம்பி படியில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணுவான். ஒளிந்திருக்கும் அக்கா தண்ணீரிலிருந்து ஏறி வந்து அவன் தோளைத் தொடுவாள்.

“பைய வா பிள்ள. கீழ பாக்காத, இங்கன பாரு. இன்னொரு தடவ.”

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, முங்கி, ஏறி வந்தேன். மறுபடியும் இறங்கினேன். நான் இறங்கும்போதெல்லாம் மாமா கேமராவைத் தாழ்த்திக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பட்டு நனைந்து காலைச் சுற்றிக்கொண்டு கீழே இழுத்தது. பக்கத்துத் துறையில் துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு வயசான அம்மாள் என்னையே பார்த்தபடி, அலசாத துணிகளை அப்படியே வாளிக்குள் போட்டுக்கொண்டு கரையேறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை ஏறிவந்து தம்பியின் தோளைத் தொட்டேன். அவன் கண்ணைத் திறந்தான். என்னை ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத பயல், நாளுக்கு நாலு கிள்ளு கிள்ளுகிறவன், எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“நீங்க வந்துட்டீங்களா?” என்றான்.

“நான்தாம்லே” என்றேன். அவன் நம்பவில்லை. எனக்குமே அப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. குளிர் அடித்தது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் மாமா, “கடைசித் தடவ” என்றார்.

அந்தக் கடைசித் தடவை நான் முங்கி எழுந்தபோது, மேல்படியில் பஸ்ஸில் கொண்டுபோன பையோடு அம்மா நின்றாள். வீட்டில் பெட்டி இறங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் அவள் கத்தவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு, சேலை நனைய நனையப் படியிறங்கி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

“வந்துட்டியாட்டி?” என்றாள். அது அம்மாவின் குரலாகவே இல்லை. ரொம்பச் சின்னக் குரல். “இம்புட்டு நேரம் எங்கட்டி இருந்த?”

“இங்கனதாம்மா இருந்தேன். மாமாதான் படம் எடுத்தாவ.”

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு வளையல்கள் நொறுங்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாமாவுக்கு இன்றைக்கு நல்ல பூசை உண்டு என்று காத்திருந்தேன். அவள் அவரைப் பார்த்து, “நீ கண்ணை மூடுனதுல தப்பில்லலே. சின்னப் பய நீ” என்று மட்டும் சொன்னாள். மாமா படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். வெளிச்சம் போய்விட்டதே, படம் பாக்கியிருக்கிறதே என்று அழுவதாக நினைத்து, “நாளைக்கு எடுக்கலாம் மாமா” என்று நான் ஆறுதல் சொன்னேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் பெரியம்மை எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு பெண் இருந்திருக்கிறாள், எனக்குச் சித்தி. ஒன்பது வயதில் அதே படித்துறையில் மாமாவோடு ஒளிந்து விளையாடியபோது ஆறு கொண்டுபோய்விட்டது. ஐந்து வயது மாமாவுக்குப் பத்துக்குமேல் எண்ணத் தெரியாது. அவள் குரல் கொடுக்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது என்பது விளையாட்டு. அதனால் திரும்பத் திரும்பப் பத்து வரைக்கும் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். தேடிவந்த அம்மாதான் அவர் கையைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறாள். அந்தப் படங்கள் இப்போதும் மாமாவிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நான் ஏறி வருகிறேன். இறங்குகிற படம் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் மட்டும், நான் இன்னும் தண்ணீருக்குள் நிற்க, மேல்படியில் ஈரக் காலடி தெரிகிறது. முந்தின தடவை நான் ஏறியபோது பதிந்ததாக இருக்கும் என்கிறார் மாமா. இருக்கும்.

இதெல்லாம் எனக்கு இன்னும் தெரியாத காலத்தில், படம் எடுத்ததற்கு அடுத்து வந்த தையில், அம்மா என்னை மறுபடி அதே கடைக்குக் கூட்டிப்போனாள். அண்ணாச்சி புதுப்பாவாடையை என் இடுப்பில் வைத்துப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

“இது பத்தாது தாயி. பிள்ள வளந்துட்டாள்லா.”

“வளந்துட்டாளா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் அம்மா. அவர் இன்னொருமுறை வைத்துக் காட்டினார். அந்த ஒரு வருஷத்தில் முதல்தடவையாக அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஆற்றில் குளித்துக்கொள் என்றும் சொன்னாள்.

நானோ, அந்தப் பட்டு இனி எந்தக் காலத்திலும் எனக்குச் சேராது என்ற ஆத்திரத்தில், கடைவாசலில் காலை உதைத்து அழுதுகொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை அழும்போது ஒரு தாய்க்கு இப்படியா சிரிப்பு வரும் என்று வீடு போய்ச் சேரும்வரை அவளோடு பேசவே இல்லை.