எட்டாவது பாலம்

வெள்ளகோவிலுக்குத் தெற்கே இருக்கும் பள்ளத்துப் பாலத்தைப் பதினெட்டு வருடங்களாகப் பார்த்துக்கொண்டவர் சாலைப் பணியாளர் ஐயாசாமி. அதிகாரி வருகிறார் என்றால் கைப்பிடிச் சுவரிலிருந்து அடிவளைவுவரை சுண்ணாம்பு அடித்துவிடுவார். பாலம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். இரண்டு முறை பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறார்.

1997இல், பழைய பாலங்களை ஒவ்வொன்றாகப் பழுதுபார்க்காமல் மொத்தமாக ஒரே டெண்டரில் முடிப்பதென்று உத்தரவு வந்தது. பட்டியலில் ஏறாத பாலத்துக்கு அடுத்த வாய்ப்பு எப்போதென்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை உதவிப் பொறியாளர் பாலகோபால் வந்து பார்த்தார். ஏழு பாலங்கள் தேறின. அதாவது, மோசம் என்று தேறின. ஐயாசாமியின் பாலம் வெள்ளைவெளேரென்று நின்று தோற்றுப்போனது. வளைவில் இருந்த விரிசலுக்குள் முந்தின நாள் சாந்து அப்பி மறைத்தவர் அவரேதான்.

வெள்ளிக்கிழமை பட்டியலோடு கோவைக்குக் கிளம்பிய பாலகோபாலின் ஜீப்பைப் பாலத்தருகே ஐயாசாமியின் சிவப்புக் கொடி மறித்தது.

"ஏனுங்க சார், இதையும் எழுதிக்குங்க. அடியில விரிசலுங்க."

"திங்கக்கிழமை பார்த்தனே, இல்லையே?"

"நாந்தானுங்க பூசிப்போட்டேன். நீங்க வாரீங்கன்னு."

"பூசுனதுக்கு உங்க மேல மெமோ போடணும், தெரியுமில்ல?"

"போடுங்க. மொதல்ல கீழ வந்து பாருங்க."

கொடியை ஜீப் பக்கம் நட்டுவிட்டு இருவரும் பள்ளத்தில் இறங்கினார்கள். சாந்தின் நடுவே மயிரிழையாக ஒரு கீறல்.

"இது பழைய விரிசல், ஐயாசாமி. அசையாது."

"அசையாட்டி அஞ்சு நாள் முந்திப் பூசுன சாந்து எப்படிங்க கிழியும்?"

பாலகோபால் பதில் சொல்வதற்குள் எதிர்ப்பக்கம் ஹாரன் கேட்டது. அங்கே கொடி இல்லை. சந்தைக் கூட்டத்தோடு டவுன் பஸ்.

தலைத்துண்டை உருவி வீசிக்கொண்டே ஐயாசாமி மேட்டில் ஏறி ஓடினார். முன்சக்கரங்கள் பாலத்தில் ஏறியபின்தான் பஸ் நின்றது. கீழே சாந்து பெயர்ந்து பாலகோபாலின் சட்டையில் கொட்டியது. கீறல் பென்சில் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"ஏனுங்க, பாலத்துக்குக் காதுகுத்தா? வெள்ளையடிச்சு ஜீப்பெல்லாம் நிக்குது!" என்றார் டிரைவர் அமீர் ஹம்சா.

கீழேயிருந்து பாலகோபாலின் குரல் வந்தது: "பின்னால எடுங்க! பின்னால!"

பஸ் அங்குலம் அங்குலமாக இறங்கும்வரை ஐயாசாமி துண்டைத் தாழ்த்தவில்லை.

டைப் அடித்த பட்டியலின் அடியில் எட்டாவது பாலம் பேனாவால் ஏறியது. மெமோவும் வந்தது; விரிசலை மறைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அடுத்த வருடம் வேலை முடிந்து மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தபோது, பாலகோபாலே சொல்லியனுப்பினார்: சுண்ணாம்பு அடித்து வைக்கவும்.

ஐயாசாமி அடித்தார். கைப்பிடிச் சுவருக்கு மட்டும்.