ஈசான மூலையும் மகளின் கட்டிலும்

உருத்திரபுரத்தில் எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீடு. மகள் படிக்கிற அறையில்தான் விதைநெல் மூட்டைகளும் இருக்கும். உயர்தரப் பரீட்சைக்குப் புத்தகங்கள் கூடக்கூட, அவளுக்குப் பாய் விரிக்கவும் இடமில்லாமல் போனது. ஒருநாள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். மேலே படுக்கை, கீழே அலுமாரி, ஏறுகிற படியெல்லாம் இழுத்துத் திறக்கிற லாச்சி.

தச்சுவேலை செய்கிற ஓடாவியாரைக் கூப்பிட்டு முதிரை மரத்தில் சட்டம் அறுப்பித்தேன். நானும் கூட நின்று பூட்டினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, கட்டிலோ காவல் பரணோ? காட்டுப் பண்டி வந்தா மேல நிண்டு வெடி கொளுத்திறதோ?"

"நீரும் ஏறிப் பாரும். நல்ல பலம்."

"எனக்கு வயல் பரணே காணும்."

எனக்குப் பயமெல்லாம் மின்விசிறியில்தான். பிள்ளை அரை நித்திரையில் எழும்பிக் கையை உயர்த்தினால் என்ன ஆகும்? அதனால் விசிறிக்கு எட்டாமல், கிழக்குச் சுவரோடு சேர்த்துப் போல்ட் இறுக்கினோம். மற்றப் பக்கங்களில் கதவும் யன்னலும்.

ஓடாவியார் போன பிறகுதான் பார்த்தேன். வடக்கே தலை வைத்துப் பிள்ளையைப் படுக்கவிட முடியாது. தெற்கே வைத்தால் கால் இரண்டும் அதே அறையின் வடகிழக்கில், ஈசான மூலையில் இருக்கிற சுவாமித் தட்டுக்கு நேரே நீளும். பாயில் படுத்த காலத்தில் சுவாமி மேலே இருந்தார், நாங்கள் கீழே கிடந்தோம். இப்போது படத்தில் அம்மாளாச்சியின் முகமும் மகளின் பாதமும் ஒரே உயரம். சோதனை எழுதப் போகிற பிள்ளை!

"கால் நீட்டாமல் பாத்துப் படு அம்மா" என்றேன்.

"ஓம் அப்பா."

விடிய எழும்பிக் கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்பேன். அப்படியும் மனம் ஆறவில்லை. ஒரு மத்தியானம் வயலால் வந்து பார்க்கிறேன், அவள் இறால் மாதிரிச் சுருண்டு, முழங்கால் நெஞ்சில் முட்டக் கிடக்கிறாள். பாதிக் கட்டில் வெறுமை.

"ஏன் பிள்ளை இப்பிடி?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். நித்திரையில நீட்டிப்போடுவன் எண்டு பயமாக் கிடக்கு. படுக்கவே மனமில்லை அப்பா."

என் பயத்தை நானே அவளுக்கும் ஏற்றிவிட்டிருந்தேன்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "சண்டையில இடம்பெயர்ந்து ஓடேக்க என்ர உடுப்புப் பைக்குள்ளதானே அம்மாளாச்சி வந்தவா. அப்ப ஈசான மூலை பாத்தனீங்களோ? தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில வையுங்கோவன்."

குளித்துவிட்டு வந்து படத்தைத் தூக்கினேன். விறாந்தைச் சுவரில் தட்டு அடித்து, வைத்து, விளக்கேற்றினேன். "பிழையெண்டால் என்னோட வைச்சுக்கொள் தாயே, பிள்ளையோட வேண்டாம்" என்று சொன்னேன்.

இப்போது அவள் கால் நீட்டிப் படுக்கிறாள். சோதனை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும்போது நான் தாயிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.