கார்டில் எழுதிய ஜுரம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் குமாஸ்தாவாக உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா சீட்டில் நோயின் பெயரைக் கிறுக்கி அனுப்புவார். நான் அட்டவணையில் அதற்கான எண்ணைப் பார்த்து, நோயாளியின் கார்டிலும் கம்பெனிக்குப் போகும் லீவு சர்டிபிகேட்டிலும் எழுத வேண்டும். மதியம் அவர் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார், படிக்க மாட்டார்.

இரைப்பை அழற்சிக்கு எண் 535. ஷிப்டு மாறி மாறி வயிறு கெட்டவர்கள் தினமும் வந்ததில் அது எனக்கு மனப்பாடம். "காரத்தையும் டீயையும் மட்டும் குத்தம் சொல்லாதீங்க, ஒரு கிருமிதான் காரணம்னு இப்ப சொல்றாங்க" என்பார் டாக்டரம்மா. என் அட்டவணையில் அந்தக் கிருமிக்கு எண் இல்லை. எண் இல்லாததை நான் நம்புவதாக இல்லை.

வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர் ஒருவர், வார்ப்பட ஆலையில் தற்காலிக வேலையில் இருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டியபடி அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், வவுத்துப் புண்ணுன்னு போடாத சார். ஜொரம்னு போட்டுக்குடு. ரெண்டு மாசத்துல பர்மனென்ட் பண்றாங்கோ. வவுத்துக்காரன்னு தெரிஞ்சா தூக்கிடுவாங்கோ."

போட்டுக்கொடுத்தேன். இரக்கப்பட்டுத்தான் செய்தேன், அதில் பொய் இல்லை. ஆனால் சர்டிபிகேட்டில் ஜுரம், கார்டில் வயிறு என்று இருந்தால் தணிக்கைக்கு வருபவர் பிடித்துக்கொள்வாரே என்று கார்டிலும் ஜுரம் என்றே எழுதினேன். சீட்டைக் கிழித்துப்போட்டேன். மூன்று தடவை இப்படி நடந்தது. பொய்யைக்கூட ஒழுங்காகச் செய்தவன் நான்.

நான்காம் முறை அவர் வந்தபோது டாக்டரம்மா லீவு. பதிலுக்கு வந்த டாக்டர் கார்டைப் புரட்டினார், மூன்றும் ஜுரம். "ரெண்டு ஷிப்டு சேந்தாப்ல பாத்தேன் சார், ஒடம்பெல்லாம் வலி" என்றார் இவர். ஒரு வாரத்துக்கு ஆஸ்பிரின் எழுதினார் டாக்டர். புண்ணுள்ள வயிற்றுக்கு அது ஆகாது என்பது அங்கே வேலை பார்த்த எனக்குத் தெரியும். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? வாயைத் திறக்கவில்லை. அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு கம்பெனி பஸ் வரும்போதும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவரோடு வேலை பார்ப்பவர் வந்தார்.

"லைன்லயே ரத்தமா வாந்தி எடுத்துட்டான் சார். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்கோ. பழைய கார்டக் கேக்கறாங்கோ."

அவருடைய கார்டை எடுத்தேன். மூன்று ஜுரத்தையும் சிவப்பு மையில் அடித்து, மேலே 535 என்று எழுதினேன். பக்கத்தில் 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கார்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. திருத்தம் செய்தால் கம்பெனிக்கும் நகல் அனுப்புவது விதி. அதையும் அனுப்பினேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, அவ்வளவுதான்.

ஆள் பிழைத்துக்கொண்டார். ஒன்றரை மாதம் கழித்து, சட்டை தொளதொளக்க என் மேஜை முன்னால் வந்து நின்றார். கன்னத்தில் அறைவார் என்றே எதிர்பார்த்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த கார்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மூணு தபாவும் வவுறுதான்னு நகலப் பாத்துட்டு வேலையில்லன்னு அனுப்பிட்டாங்கோ சார். வேலையில்லாதவனுக்கு இங்க வைத்தியம் கெடையாதாமே. இத்தத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்கோ."

மாத்திரையைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்க வரவில்லை. சிவப்பு மை அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

"நான்தான் பொழச்சிக்கினேனே சார். ஜொரம்னே வுட்டிருக்கலாம்ல?"