பிளாப்பிக்குப் பொட்டு

1988இல் தர்மபுரி டவுனில் ராஜமேரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் டெல்லியில் விளக்கு மங்கும். அமெரிக்காக்காரன் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பான். நம்பாதவர்கள் நஞ்சப்பனின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து பார்த்திருக்க வேண்டும், செருப்பை வாசலில் விட்டுவிட்டு.

அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் பெங்களூரிலிருந்து வாடகைக்கு வந்தது. மாதக் கடைசியில் திரும்பிப் போகிறது. அதற்குள் அதில் படித்த ராஜமேரிக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் தொட்டுப் பார்க்க வேறு கம்ப்யூட்டர் கிடையாது. மேலே படிக்கச் சேலத்துக்கு அனுப்புகிற பேச்சே வேண்டாம் என்று அப்பா மரியசூசை அதியமான்கோட்டைக்கே கேட்கும்படி சொல்லியாகிவிட்டது.

ஓசூர்க்காரர்கள் கேட்டது ஒரு புரோகிராம். தொழிலாளி பெயரைத் தட்டினால் அவருக்கு எந்த ஷிப்ட் என்று திரையில் வர வேண்டும். இருபது நாள் எழுதினாள். தப்பு வந்தால் எந்த வரி என்று கம்ப்யூட்டர் சொல்லும்; ஏன் என்று சொல்லாது. அதோடு மல்லுக்கட்டி முடித்து, அணைத்தால் கம்ப்யூட்டருக்குள் எதுவும் தங்காது என்பதால் இரண்டு பிளாப்பித் தகட்டில் ஏற்றி, ஆறு தாளில் அச்சடித்து டிராயரில் வைத்தாள். மூன்று இடத்தில் இருப்பது எங்கே போய்விடும்?

ஆயுத பூஜை வந்தது. நஞ்சப்பன் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். பிளாப்பிகளை உறையிலிருந்து எடுத்தார். நடுவே நீளமாய் ஒரு திறப்பு. பொட்டு வைக்கத்தான் விட்டிருக்கிறான் என்று சந்தனம் குழைத்து வைத்தார். மேலே குங்குமம்.

மறுநாள் விஜயதசமி. பதினொரு மணிக்கு ஓசூர்க்காரர்கள் வருகிறார்கள். ஒன்பது மணிக்கே வந்த ராஜமேரி பிளாப்பியைப் பார்த்தாள்.

“சார், இதுல யாருங்க சந்தனம் வெச்சது?”

“நாந்தாம்மா. வேதக்காரப் பொண்ணோடதுன்னு ஒதுக்கல. ரெண்டுக்குமே வெச்சேன்.”

துடைத்துப் போட்டாள். இரண்டும் கரகரவென்று சுற்றியதோடு சரி.

“டிராயர்ல ஆறு காயிதம் இருந்துச்சுங்களே?”

“அடிச்சு முடிச்ச காயிதந்தானேம்மா? பொரி மடிச்சி தெருவுக்குக் குடுத்துட்டேன்.”

அவள் அழவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். தையல்கடை தீர்த்தம்மாள் குப்பையிலிருந்து ஒன்று, டீக்கடை கிருஷ்ணப்பன் பஜ்ஜி எண்ணெயோடு ஒன்று என்று ஐந்து கிடைத்தன. நாலாவது பக்கம் மட்டும் இல்லை. டீக்கடை பெஞ்சில் இருந்த மாதுவிடமும் கேட்டாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை எழுதுகிறவன் அவன்தான்.

“பொரியத் தின்னங்க்கா. காயிதம் எங்க போச்சோ!”

ஐந்து பக்கத்தைப் பார்த்துத் தட்டினாள், நாலாவதை மனசிலிருந்து. வந்தவர்கள் ‘பெரியண்ணன்’ என்று அடித்துப் பார்த்தார்கள். 340ஆம் வரியில் தப்பு என்றது திரை. மாற்றினாள். 350 என்றது. பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களில் மூத்தவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“பரவால்லம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்.”

ஜீப் கிளம்பியது. நஞ்சப்பன் ஜன்னல் வழியே அவர்களுக்கும் பொரி கொடுத்தார்.

சாயங்காலம் அவள் சென்டர் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாது டீக்கடைக்குத் திரும்பினான். பெஞ்சில் குப்புறப் படுத்து பென்சிலைக் கடித்தபடி எழுத ஆரம்பித்தான். இந்த வரிக்கு வந்தபோது முதுகுக்குப் பின்னால் நிழல் விழுந்தது.

“என்னடா எழுதற?”

“உன்னப் பத்திதாங்க்கா. பெருமையாத்தான்.”

அவள் படிக்கவில்லை. ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட அந்தத் தாளை உருவி, மறுபக்கம் திருப்பினாள்.

“நாலாவது பக்கம்டா இது.”