நூற்று எண்பத்தேழு படியும் திரும்பி வந்த பணமும்

செல்லச்சாமி கண்டி மாநகர சபையில் இருபத்தாறு வருடமாகத் தண்ணீர் மீற்றர் வாசிக்கிறவர். கண்டி மேடுகளில் அவர் ஏறாத படி கிடையாது, அவரைத் துரத்தாத நாயும் கிடையாது. ஒரு நாய் பத்து வருடம் அவரைப் பார்த்துக் குரைத்துக் களைத்துப்போய், பதினோராவது வருடம் தானே முன்னால் நடந்து மீற்றர் இருக்கும் இடத்தைக் காட்டியதாகச் சொல்வார்கள். அந்தக் கதையில் இரண்டாவது பாதியை மட்டும் நான் நம்புகிறேன்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டுக்காரர் கேற்றுக்கு உள்ளே நின்றபடி, "நானே பார்த்துட்டேன், இவ்வளவுதான், எழுதிக்குங்க" என்றால் எழுதமாட்டார். உள்ளே போய், குனிந்து, மூடியைத் திறந்து, கண்ணால் கண்ட இலக்கத்தைத்தான் எழுதுவார். பெரிய டாக்டர் வீடானாலும் இதுதான். இதனால் அவருக்கு விரோதிகள் அதிகம், மழையில் நனைந்து வந்த தடிமன் அதைவிட அதிகம்.

பிலிமத்தலாவைக்கு மேலே ஒரு மேட்டில் அவருடைய வீடு. வீதியிலிருந்து நூற்று எண்பத்தேழு படி. மாத பில் கீழே வந்து சேர்ந்து, அது மேலே ஏறுவதற்குள் அடுத்த மாத பில் பிறந்துவிடும். மனைவி பாலாம்பிகைக்கு மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்தபிறகு துணி பிழிய முடியவில்லை. அதனால் கண்டி டவுனில் ஒரு கடையில் தொண்ணூற்று நான்காயிரத்து ஐந்நூறு ரூபாயைப் போன் வழியாகத் தன் கணக்கிலிருந்து கடைக் கணக்குக்குப் போட்டு ஒரு வொஷிங் மெஷின் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை பகலில் கடை லொறி வந்தது. டிரைவர் எஸ்ரன் இறங்கி, தலையை அண்ணாந்து படிகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கடைக்குப் போன் எடுத்தான்.

"மிஸ், இது ஏத்தேலாது. ஆள் செத்துப் போகும். பில்லை கென்சல் பண்ணுங்க, நான் திருப்பிக் கொண்டாறேன்."

பக்கத்தில் நின்ற செல்லச்சாமிக்கு அது காதில் விழுந்தது. பாலாம்பிகையின் தம்பிகள் மூன்று பேர் அன்றைக்கு ஹேவாஹெட்டையிலிருந்து வந்திருந்தார்கள். தேயிலை மலையில் மூட்டை சுமந்து பழகியவர்கள். "நாங்க தூக்குறோம் மச்சான், தள்ளுங்க" என்று இரண்டு மூங்கிலைக் கட்டி, சாமியைத் தூக்குவதுபோல் மெஷினைத் தூக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கடை ஆட்களே வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பொருத்தினால்தான் இரண்டு வருட கரண்டி, அதாவது பழுதானால் இலவசமாகத் திருத்தித் தரும் உத்தரவாதம், செல்லும் என்பது கடைச் சட்டம். எஸ்ரன் தலையைச் சொறிந்தான். செல்லச்சாமி மூவாயிரம் ரூபாயை மடித்து அவன் கையில் வைத்தார். "நாங்களே பொருத்தினோம்" என்று கடைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எஸ்ரன் போனான். கண்ணால் காணாததை எழுதாத மனிதர், அன்றைக்கு இன்னொருவன் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

மறுநாள் சனிக்கிழமை, பதினொரு மணிக்கு அவருடைய போனில் வங்கிச் செய்தி வந்தது. தொண்ணூற்று நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் கணக்கில் விழுந்திருந்தது. அனுப்பியது கடை. கண்ணாடியைப் போட்டு ஒருமுறை, கழற்றித் துடைத்துப் போட்டு ஒருமுறை வாசித்தார்.

"மெஷினும் இங்க இருக்கு, காசும் இங்க வந்திருக்கு" என்றார் மனைவியிடம்.

"தொடாதீங்க" என்றாள் பாலாம்பிகை.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. ஒரு பெண் குரல், அழுகையோடு.

"அங்கிள், நான் கடையில காசு மேசையில இருக்கிற நிரோஷினி. எஸ்ரன் அண்ணன் கென்சல்னு சொன்னாரு, நான் காலையில காசத் திருப்பி அனுப்பிட்டேன். இப்ப ஸ்டோர்ல போயிப் பார்த்தா மெஷின் இல்ல. நாலு மணிக்கு முதலாளி ஸ்டொக் எண்ண வர்றாரு. அந்தக் காச என் எக்கவுண்டுக்குப் போடுங்க அங்கிள். நான் எடுத்துப் புது பில் போட்டுர்றேன். யாருக்கும் தெரியாது."

"உன் எக்கவுண்டுக்கா?"

"கடை எக்கவுண்டுக்குப் போட்டா முதலாளி போனுக்கு மெசேஜ் போகும். எட்டு மாசந்தான் ஆச்சு அங்கிள் வேலைக்கு வந்து. கள்ளின்னு வெரட்டிட்டாங்கன்னா கண்டியில வேற ஒரு கடையும் எடுக்காது."

"நான் நேர்ல வர்றேன்."

"ஐயோ, வராதீங்க!" போன் நின்றது. திரும்ப எடுத்தால் வேலை செய்யவில்லை.

பாலாம்பிகை இடுப்பில் கை வைத்தாள். "கலகெதரயில ஒரு டீச்சருக்கு இப்படித்தான் போன்ல ஒருத்தி அழுதா. அழுது முடியிறதுக்குள்ள அறுபதாயிரம் போச்சு. இவளும் அந்தக் கூட்டந்தான்."

செல்லச்சாமி பில்லை எடுத்தார். அதில் அச்சடித்திருந்த கடை நம்பருக்கு அடித்தார். யாரோ சேல்ஸ்மேன் எடுத்தான். "தம்பி, உங்க காசு மேசையில யாரு?" "நிரோஷினி மிஸ். கூப்பிடவா?" "வேணாம், வேணாம்." வைத்துவிட்டார். பெண் இருப்பது உண்மை. ஆனால் அழுத குரல் அவளுடையதுதானா என்பது எந்தப் பில்லிலும் இல்லை.

"கடை எக்கவுண்டுக்கே போட்டுட்டுப் பேசாம இருங்களேன்" என்றாள் பாலாம்பிகை.

"போட்டா நான் தப்பிச்சேன். அவ சொன்னது நெசமா இருந்தா? அந்த டிரைவர் போன் பண்ணினத நான்தானே கேட்டேன்."

"அதச் சொன்னா மூவாயிரத்தையும் சொல்லணும். கரண்டி போயிரும்."

அவர் செருப்பை மாட்டினார்.

பஸ் எடுக்கும்போது மணி இரண்டேகால். பேராதனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாகன நெரிசலில் பஸ் நின்றது. நின்றது என்றால், கொண்டக்டர் இறங்கித் தேநீர் குடித்து, மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்து, சமாதானமாகித் திரும்பி ஏறும் அளவுக்கு நின்றது. மூன்று மணி. மூன்றேகால். செல்லச்சாமி அழுத பெண்ணின் நம்பருக்கு ஏழுமுறை எடுத்தார். ஏழுமுறையும் போன் நிறுத்தியே இருந்தது. மூன்றரைக்குப் பொறுமை இழந்தவர்கள் எல்லாம் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். அவரும் ஒரு கால் இறக்கினார், பஸ் நகர்ந்தது, தொற்றிக்கொண்டார். டவுனில் இறங்கி ஓடியபோது மணி நாலுக்கு மூன்று நிமிடம்.

காசு மேசையில் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பெண். கண் சிவந்து, மூக்கும் சிவந்து இருந்தாள்.

"நீதானா?" என்றார் மூச்சு வாங்கியபடி. "போனை ஏன் நிப்பாட்டின?"

"பயத்துல அங்கிள். முதலாளி முன்னால நீங்க எடுத்துட்டா?" அவள் குரல் அதே குரல்தான். "காசக் கொண்டாந்தீங்களா? சீக்கிரம் குடுங்க."

"உன் கையில குடுக்கமாட்டேன் புள்ள."

அவள் முகம் வெளுத்தது. அதற்குமேல் பேச நேரமில்லை. கடை முதலாளி முனாஸ் உள்ளே வந்துவிட்டார். அவர் கையில் ஸ்டொக் புத்தகம் இருந்தது. ஸ்டோருக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்.

"நிரோஷினி, கென்சல் பண்ணின மெஷின் எங்க?"

அவள் எஸ்ரனைத் தேடி ஸ்டோர்ப் பக்கம் பார்த்தாள்.

"எஸ்ரன்!" என்று முனாஸ் கூப்பிட்டார். எஸ்ரன் தாளோடு வந்தான். "சேர், நான் டெலிவரி குடுத்து, பொருத்திட்டு வந்தேன். இந்தா கையெழுத்து. கென்சல்னு நான் சொல்லவே இல்லையே."

"சொன்னீங்க அண்ணே! நேத்துப் பகல் போன்ல சொன்னீங்க!"

"எந்தப் போன்? நீ வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுற."

முனாஸ் அவளைப் பார்த்தார். "மெஷின் கஸ்டமர்ட வீட்டில ஈக்கி. காசும் கஸ்டமருக்குப் போயீக்கி. நீயும் கஸ்டமரும் பங்கு வெச்சீங்களா? இண்டைக்கி மேசையக் குடுத்திட்டு ஊட்டுக்குப் போ. மத்தத திங்கக்கிழமை பாத்துக்குவம்."

அவள் மேசைச் சாவியைக் கழற்றினாள். சாவி விரலில் மாட்டிக்கொண்டு வரவில்லை. செல்லச்சாமி வாசலைப் பார்த்தார். இப்போது கடைக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு வெளியே போனால் அவரை ஒருவரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கரண்டி அட்டை சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

"அந்தக் கஸ்டமர் நான்தாங்க" என்றார்.

கடையே திரும்பியது.

"இவன் போன் பண்ணினான். நான் ரெண்டடி தள்ளி நின்னேன், என் காதால கேட்டேன். 'பில்லை கென்சல் பண்ணுங்க'ன்னான். பெறகு நான் மூவாயிரம் குடுத்தேன். என் மச்சான்மாருதான் மெஷினைத் தூக்கினாங்க, பொருத்தினதும் அவங்கதான். இவன் முப்பதாவது படியைக்கூடப் பார்க்கல. திரும்பக் கடைக்குச் சொல்ல மறந்திருப்பான். இல்லாட்டி மூவாயிரத்தை மறைக்கிறதுக்குச் சொல்லாம விட்டிருப்பான்."

எஸ்ரன் சுவரைப் பார்த்தான்.

"அப்ப இந்தப் புள்ள?" என்றார் முனாஸ்.

"மெஷின் வராமலே காசு அனுப்பினது தப்பு. என்னைய அவ எக்கவுண்டுக்குப் போடச் சொன்னது அதவிடப் பெரிய தப்பு. நான் போடல. ஆனா அவ களவெடுக்கல. உங்க காசு இங்க இருக்கு. உங்களுக்கு முன்னாலயே கடை எக்கவுண்டுக்குப் போடுறேன். வந்துச்சுன்னு உங்க கையால எழுதித் தாங்க."

போனில் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். ஐந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். முனாஸின் போன் டிங் என்றது. அவர் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார், கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தார். செல்லச்சாமி அதை இரண்டுமுறை வாசித்துவிட்டுத்தான் மடித்தார்.

"ஒங்கட கரண்டி அட்டையத் தாங்க" என்றார் முனாஸ்.

கொடுத்தார். முனாஸ் சிவப்புப் பேனையால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். "சட்டம் சட்டந்தான், கோவிக்காதீங்க. எஸ்ரன், நீ உள்ளுக்கு வா." பிறகு திரும்பாமலே, "நிரோஷினி, சாவியப் போடு. ரிட்டன் தாள் கைக்கு வராம இனி ஒரு சதம் அனுப்பினா நானே ஒன்ன பஸ் ஏத்தி விடுவேன். சனத்த நிக்க வெக்காத."

வரிசையில் ரைஸ் குக்கரோடு ஒரு பெண்மணி நின்றாள். நிரோஷினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாருங்க?" என்றாள். குரல் பாதியில் உடைந்து, பிறகு சரியாக வந்தது.

பஸ் நிலையத்திலிருந்து செல்லச்சாமி வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"காசு?"

"குடுத்துட்டேன். எழுதி வாங்கிட்டேன்."

"அந்தப் புள்ள?"

"வேலையில இருக்கு."

"கரண்டி?"

"சிவப்புக் கோடு இழுத்துட்டாரு." பாலாம்பிகைக்கு அது போதும்.

"அப்ப மெஷின் பழுதாப் போனா யாரு செய்யிறது?"

"நான்தான்."

"நீங்க பல்பு மாத்தினாலே அடுத்த வீட்டுலயும் கரண்ட் போயிருது" என்றாள் அவள். பிறகு, "சரி, பஸ்ஸப் பார்த்து ஏறுங்க. நான் முதல் துணியப் போட்டுட்டேன், சுத்துது."